தொடருந்தில் பொருள் இழப்பு முறையீடு (இந்தியா)

தொடருந்தில் பொருள் இழப்பு முறையீடு என்பது இந்திய இரயில்வேயின் தொடருந்தில் செல்லும் பயணி ஒருவர் தமது நகை, பணம், மடிக்கணினி, சான்றிதழ் போன்ற உடைமைகளைத் தவறவிட்டாலோ களவு கொடுத்தாலோ அதனை உரியவர்களிடம் அறிவிக்கும் நடைமுறை ஆகும். தவறவிட்ட பொருளுக்கும் களவுபோன பொருளுக்கும் நடைமுறைகள் வேறுபடுகின்றன.

காவல் அமைப்புகள்

இந்தியத் தொடருந்துகளில் இரண்டு காவல் அமைப்புகள் செயற்படுகின்றன.

* இரயில்வே பாதுகாப்புப் படை: 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் நடுவண் அரசின் படை. தொடக்கத்தில் இரயில்வே சொத்துகளைக் காப்பதே இதன் பணியாக இருந்தது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பயணிகளின் பாதுகாப்பும் இதன் கடமையாயிற்று.
* இருப்புப்பாதை காவல்துறை: மாநில அரசின் கீழ் இயங்குவது. பயணிகளின் உடைமைகள் களவுபோனால் வழக்குப் பதிந்து விசாரிப்பது இதன் பொறுப்பாகும்.

தவறவிட்ட பொருள்

இறங்கும்போது பெட்டியை மறந்து விட்டுவிட்டால் 139 என்ற உதவி எண்ணிலோ, அருகிலுள்ள நிலைய அதிகாரியிடமோ, பாதுகாப்புப் படையினரிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். (முன்பிருந்த 182 என்ற எண் 2021 இல் 139 உடன் இணைக்கப்பட்டது.) தொடருந்து எண், பெட்டி எண், படுக்கை எண், இறங்கிய நிலையம், பொருளின் நிறம், உள்ளிருப்பவை ஆகியவற்றைக் கூறினால், வண்டி அடுத்து நிற்கும் நிலையத்தில் தேட இயலும். வண்டி முன்னேறிக்கொண்டே இருப்பதால் தாமதம் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். மீட்ட பொருள் அடையாளச் சான்று பார்த்து ஒப்படைக்கப்படும்.

களவுபோன பொருள்

பயணி முறையிடுவதற்காகப் பயணத்தை இடையில் நிறுத்த வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கைக்கான படிவம் பயணச்சீட்டுப் பரிசோதகர், வண்டிக் காப்பாளர், பாதுகாப்புக்கு உடன்வரும் காவலர் ஆகியோரிடம் கிடைக்கும். நிரப்பிய படிவம் வழியிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படும். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 173 ஆம் பிரிவின்படி, குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். பயணிகள் ஊர்தியிலிருந்து பொருளைத் திருடுவோருக்குப் பாரதிய நியாய சன்கிதாவின் 305 ஆம் பிரிவு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

இரயில்வேயின் பொறுப்பு

1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 100 ஆம் பிரிவின்படி, இரசீது பெற்றுப் பதிவு செய்யாத சுமைகளுக்கு இரயில்வே பொறுப்பாகாது. பயணி தம்முடன் வைத்திருக்கும் சுமையாயின், இரயில்வே ஊழியரின் கவனக்குறைவு அல்லது தவறான நடத்தையால் இழப்பு நேர்ந்தது என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

2005 இல் தொடருந்தில் ஒரு பயணி இடுப்பில் கட்டியிருந்த ஒரு இலட்சம் ரூபாய் களவுபோனது. நுகர்வோர் மன்றங்கள் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. எனினும் 2023 சூனில் இந்திய உச்ச நீதிமன்றம், பயணி தம் உடைமையைக் காக்கத் தவறியதை இரயில்வேயின் சேவைக் குறைபாடாகக் கொள்ள முடியாது எனக் கூறி அத்தீர்ப்புகளை நீக்கியது. ஆகவே உடன் கொண்டுசெல்லும் பொருள் களவுபோகும்போது, இரயில்வேயிடம் இழப்பீடு பெறுவதைவிடக் காவல்துறை மூலம் பொருளை மீட்பதே பெரும்பாலும் பயணிக்கு உள்ள வழியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* இந்திய இரயில்வே
* இரயில்வே பாதுகாப்புப் படை
* முதல் தகவல் அறிக்கை