முப்பத்தைந்துக்கு மேல் ரயில்வே வேலை

"வயசு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு, இனிமே ரயில்வேல சேர முடியுமா?" டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி எழுந்தால், "அதெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சிலருக்கு நிஜமாகவே முடிந்துதான் போயிருக்கும். சிலருக்கு இன்னும் பத்து வருஷம்கூட மிச்சம் இருக்கும். அது அவர்களுக்கே தெரியாது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

முதலில் பொதுக் கணக்கு. ஆர்.ஆர்.பி. (ரயில்வே ஆட்சேர்ப்பு வாரியம்) நடத்தும் தேர்வுகளில் உதவி லோகோ பைலட்டுக்கு வழக்கமான உச்ச வயது 30. ஸ்டேஷன் மாஸ்டர், கூட்ஸ் கார்டு (இப்போது கூட்ஸ் டிரெயின் மேனேஜர்) போன்ற பட்டதாரிப் பணிகளுக்கும், டிராக்மேன், பாயின்ட்ஸ்மேன் போன்ற லெவல் 1 பணிகளுக்கும் 33. கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் கூடும். கொரோனாவுக்குப் பிறகு சில அறிவிப்புகளில் எல்லோருக்கும் 3 ஆண்டு கூட்டிக் கொடுத்தார்கள். அது நிரந்தரச் சலுகை இல்லை. ஆக, 37 வயது எஸ்.சி. பட்டதாரி ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர் பணிக்குத் தாராளமாகத் தேர்வு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம்.

அடுத்தது முன்னாள் ராணுவத்தினர். இங்கே கணக்கு வேறு மாதிரி. உங்கள் வயதிலிருந்து ராணுவத்தில் இருந்த ஆண்டுகளைக் கழித்து, அதோடு இன்னொரு 3 ஆண்டும் கழிப்பார்கள். பதினெட்டில் சேர்ந்து 17 வருஷம் பணியாற்றி 35 வயதில் ஊர் திரும்பியவருக்கு, தேர்வுக் கணக்கில் வயது 15தான். நாற்பதைத் தாண்டினாலும் அவருக்குக் கதவு திறந்தே இருக்கும். லெவல் 1 பணிகளில் 20 சதவீதம், அதற்கு மேலுள்ள குரூப் சி பணிகளில் 10 சதவீதம் அவர்களுக்கென்றே ஒதுக்கீடு. இது தெரியாமல் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கணவரை இழந்த அல்லது விவாகரத்தான, மறுமணம் செய்துகொள்ளாத பெண்களுக்கு குரூப் சி பணிகளில் 35 வரை சலுகை உண்டு, ஓ.பி.சி.க்கு 38, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. கணவர் ரயில்வேயில் பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் கருணை நியமனம் கேட்கலாம். அதில் உச்ச வயதைத் தளர்த்த விதியே இடம் கொடுக்கிறது. வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருப்பார். விண்ணப்பம், சான்றிதழ் எல்லாம் அவர் மூலமாகத்தான் நகரும். சொந்தக்காரர்கள் "பையன் வளரட்டும், அவனுக்கு வாங்கிக்கலாம்" என்பார்கள். முடிவெடுக்க வேண்டியது அந்தப் பெண். நாற்பது வயதில் முதல்முறை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, குடும்பத்தைத் தலைநிமிர வைத்த பெண்கள் ரயில்வேயில் நிறையப் பேர்.

குறுக்கு வழி என்று எதுவும் கிடையாது. வயது ஏற ஏறத் தவிப்பும் ஏறும் என்பது தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். 2022-இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரை டெல்லிக்கு அழைத்துப் போய், புதுடெல்லி ஸ்டேஷன் பிளாட்பாரங்களில் தினம் எட்டு மணி நேரம் நிற்க வைத்து, எத்தனை ரயில் வருகிறது, எத்தனை போகிறது, எத்தனை பெட்டி என்று எண்ணச் சொன்னார்கள். டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைகளுக்கான பயிற்சி அதுதான் என்று ஒரு மாதம் நம்ப வைத்தார்கள். தலைக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை போயிற்று. பணம் கேட்டு யார் வந்தாலும், எந்த லெட்டர்பேடைக் காட்டினாலும், எழுந்து போய்விடுங்கள்.

சரி, வயது ஒத்துவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து உடம்பு. லெவல் 1-க்கு ஆண்கள் 35 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு 2 நிமிடத்துக்குள் 100 மீட்டர் போக வேண்டும். நடுவில் கீழே வைக்கக் கூடாது, ஒரே வாய்ப்புதான். பிறகு 1000 மீட்டரை 4 நிமிடம் 15 வினாடியில் ஓட வேண்டும். பெண்களுக்கு 20 கிலோ. ஓட்டத்துக்கு 5 நிமிடம் 40 வினாடி. மூட்டையைவிட ஓட்டம்தான் முப்பதைத் தாண்டியவர்களைக் கவிழ்க்கும். அறிவிப்பு வந்த பிறகு பயிற்சியைத் தொடங்கினால் முழங்கால்தான் போகும். இன்றைக்கே மெதுவாக ஓட ஆரம்பியுங்கள்.

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம், ஏனென்றால் எல்லோரும் மறக்கிற விஷயம் இனிமேல்தான்: கண். ரயில்வே ஒவ்வொரு பணிக்கும் ஒரு மருத்துவப் பிரிவு வைத்திருக்கிறது. லோகோ பைலட்டுக்கு ஏ1: கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6. ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, பாயின்ட்ஸ்மேனுக்கு ஏ2: கண்ணாடி இல்லாமல் 6/9. இந்த இரண்டு பிரிவிலும் பக்கத்தில் இருப்பதைப் படிக்கும் பார்வையும் கண்ணாடி இல்லாமலே தேற வேண்டும். நாற்பதை நெருங்கும்போது வெள்ளெழுத்து எட்டிப் பார்க்குமே, அது இங்கேதான் காலை வாரும். டிராக்மேனுக்கு பி1, அதில் கண்ணாடி போடலாம், பவர் 4-க்கு மேல் போகக் கூடாது. டிக்கெட் கிளார்க் வேலை பி2, கணக்குப் பிரிவு சி2. அங்கே இன்னும் தளர்வு. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி மருத்துவத்தில் விழுந்தால் மாற்று வேலை தர மாட்டார்கள். எனவே விண்ணப்பத்தில் விருப்ப வரிசை போடுவதற்கு முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள்.

உள்ளே போன பிறகு வயதை மறந்துவிடுங்கள். அங்கே பேசுவது சீனியாரிட்டி. 24 வயதுப் பையன் உங்களுக்கு முன்னால் சேர்ந்திருந்தால் டிரான்ஸ்ஃபர், குவார்ட்டர்ஸ், பதவி உயர்வு எல்லாவற்றிலும் அவன்தான் முன்னால். மழைக்கால இரவில் கைவிளக்கோடு தண்டவாள ரோந்து போகிற டியூட்டி உங்களுக்கு வரலாம். அதை முகம் சுளிக்காமல் ஏற்கிறவருக்குத்தான் இந்த வேலை.

ஆனால் உள்ளே ஒரு ஏணி இருக்கிறது. ஜி.டி.சி.இ. என்ற துறைத் தேர்வில், பணியில் இருப்பவர்கள் 42 வயது வரை, ஓ.பி.சி. 45, எஸ்.சி., எஸ்.டி. 47 வரை மேல் பதவிகளுக்குப் போட்டியிடலாம். டிராக்மேனாகச் சேர்ந்தவர் கூட்ஸ் கார்டாகவோ ஜூனியர் இன்ஜினியராகவோ ஆவது இப்படித்தான். அந்தந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும். அதனால் பட்டம் பாதியில் நின்றிருந்தால், சேர்ந்த முதல் இரண்டு வருஷத்துக்குள் அஞ்சல் வழியிலாவது முடித்துவிடுங்கள்.

கடைசியாகப் பென்ஷன். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டு பணி முடித்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி கிடைக்கும். குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். 10 ஆண்டாவது இருந்தால் மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. ஓய்வு வயது 60. 38-இல் சேர்ந்தவருக்கு 22 ஆண்டு, அதாவது 44 சதவீதம். நாற்பதில் சேரும் முன்னாள் ராணுவ வீரருக்கு 40 சதவீதம், அவருடைய ராணுவப் பென்ஷன் தனி. இந்தத் திட்டம் தானாக வராது, நீங்கள்தான் விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த வாரமே பர்சனல் பிராஞ்சில் கேட்டுவிடுங்கள்.