டாங்க்கில் இருக்கும் பெயரை நம்பலாமா?

அமெரிக்காவில் ஒருவர் பழைய சாப்பர் பைக் வாங்கப் போகிறார். நீண்டு சாய்ந்த முன் ஃபோர்க், பெரிய வி-ட்வின் எஞ்சின், டாங்க்கில் தீ நாக்குப் பெயின்ட். “ஹார்லிதான் சார்” என்கிறார் விற்பவர். உண்மையில் யார் செய்த வண்டி அது? பணம் கைமாறுவதற்கு முன் அதைக் கண்டுபிடிக்கும் வழியை நாம் நிதானமாகப் பார்ப்போம்.

எல்லாரும் தடுமாறுகிற இடம் எஞ்சின். அதில் இருக்கும் பெயரையே வண்டியின் பெயராக எடுத்துக்கொள்கிறோம். எஸ் அண்ட் எஸ் சைக்கிள் என்பது 1958-இல் தொடங்கிய எஞ்சின் கம்பெனி. அதன் எஞ்சின்களைப் பிக் டாக், அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் போன்ற கம்பெனிகள் வாங்கித் தங்கள் ஃபிரேமில் பொருத்தின; ஆர்வலர்கள் வீட்டு ஷெட்டிலும் பொருத்தினார்கள். துணியின் கரையில் மில்லின் பெயர் இருக்கும். சட்டையைத் தைத்தவர் பெயர் அங்கே இருக்காது. எஞ்சின் எண்ணும் அப்படித்தான்.

எஞ்சினை வைத்தே வண்டியை அடையாளம் காண்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 1969 வரை ஹார்லி டேவிட்சன் வண்டியின் எண்ணை எஞ்சினில் மட்டும்தான் பொறித்தது, ஃபிரேமில் கிடையாது. அந்தக் காலத்து ஹார்லிக்கு எஞ்சின் எண்தான் வண்டி எண். 1970 முதல் ஃபிரேமிலும் எண் வந்துவிட்டது. பழைய பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஃபிரேமின் கழுத்தை, அதாவது ஹேண்டில்பார் திரும்பும் அந்தக் குழாயை. 1981-க்குப் பின் வந்த வண்டியானால் அங்கே 17 இலக்கச் சேசிஸ் எண் இருக்கும். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் இதே வகை எண்தான். முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளரைக் குறிக்கும். ‘1எச்டி’ என்றால் ஹார்லி டேவிட்சன். பத்தாவது இலக்கம் மாடல் ஆண்டு.

சின்னக் கம்பெனிகளுக்கு இன்னொரு படி உண்டு. ஆண்டுக்குச் சில நூறு வண்டி மட்டும் செய்பவர்களுக்கு மூன்றாவது இலக்கமாக 9 தரப்படும். அப்படி 9 இருந்தால், முதல் மூன்றோடு 12, 13, 14-ஆவது இலக்கங்களையும் சேர்த்துப் படித்தால்தான் தயாரிப்பாளர் யார் என்பது தெரியும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் முழு எண்ணையும் இட்டு இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

அதே கழுத்துப் பக்கத்தில் ஒரு லேபிளையும் தேடுவோம். தயாரித்தவர் பெயர், மாதம், ஆண்டு, சேசிஸ் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மறு பெயின்ட் அடிக்கும்போது பலர் அதை உரித்துவிடுகிறார்கள். லேபிள் இல்லாததால் மட்டும் அது திருட்டு வண்டி ஆகிவிடாது. மற்றதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, ‘டைட்டில்’ எனப்படும் உரிமைப் பத்திரம். தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அசெம்பிள்ட்’ அல்லது ‘ஸ்பெஷல் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று இருந்தால், அது தனி ஆள் கட்டிய வண்டி. எண்ணையும் மாநில அரசே கொடுத்திருக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் ஃபிரேமும் எஞ்சினும் வாங்கிய ரசீதுகளை விற்பவர் காட்ட வேண்டும். ஃபிரேமில் உள்ள எண்ணும் டைட்டிலில் உள்ள எண்ணும் ஓர் எழுத்து மாறினாலும், எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம் தெரிந்தாலும், வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக், வயரிங், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் வண்டியைச் செய்தவரைப் பொறுத்தே அமையும். இன்ஷூரன்ஸும் மறுவிற்பனை விலையும்கூட அப்படித்தான். அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் 2008-இல் மூடப்பட்டது. அந்த வண்டியை வாங்குகிறவர், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். அதனால் விற்பவரிடம் நேரில் போகும் முன்பே கழுத்து எண்ணையும் டைட்டிலையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு அது ஐந்து நிமிட வேலை.