வீட்டு ஃபைபர் கேபிள் கட் ஆனால்... மெக்கானிக்கல் ஸ்ப்ளைஸ் போதுமா?

வைஃபை மோடத்தில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? பெரும்பாலும் வழியில் எங்கோ ஃபைபர் அறுந்திருக்கும். அதை இணைக்க இரண்டு வழிகள். மின்பொறியால் கண்ணாடி இழைகளை உருக்கி ஒட்டுவது ஃப்யூஷன் ஸ்ப்ளைஸ். சின்ன கிளிப் ஒன்றுக்குள் இரு முனைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பூட்டுவது மெக்கானிக்கல் ஸ்ப்ளைஸ். நடுவில் உள்ள இடைவெளியை ஒரு ஜெல் நிரப்பும்.

ஃப்யூஷன் மெஷின் காஸ்ட்லி. கிளிப்புக்கு மெஷினே வேண்டாம், சில நிமிடங்களில் வேலை முடியும். அப்போ தரம்?

ஃப்யூஷனில் ஒளி இழப்பு சுமார் 0.05 டெசிபல், நல்ல கிளிப்பில் சுமார் 0.2. நான்கு மடங்கு என்று பயப்பட வேண்டாம். ஒரே ஃபைபரை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே சுமார் 17 டெசிபலை விழுங்கிவிடும். எனவே, கம்பத்திலிருந்து ஒரே வீட்டுக்கு வரும் கேபிளுக்கு கிளிப் தாராளமாகப் போதும். பல வீடுகளைத் தாங்கும் மெயின் கேபிளுக்கு மட்டும் ஃப்யூஷன்தான் சரி. கிளிப்பில் ஒளி கொஞ்சம் திரும்பிப் பிரதிபலிக்கும். ஜெல்லும் காலப்போக்கில் கெடலாம்.

கிளிப் வாங்கும்போது என்ன பார்க்கணும்? வீட்டு இணைப்பில் வருவது சிங்கிள்-மோட் ஃபைபர். கண்ணாடியின் தடிமன் 125 மைக்ரான், அதன் மேல் பூச்சோடு சேர்த்து 250 அல்லது 900 மைக்ரான். இந்த அளவுகள் பொருந்தாத கிளிப், ஃபைபரைச் சரியாகப் பிடிக்காது. மொட்டை மாடிப் பெட்டிக்குள் வைப்பதென்றால், எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயில் அப்படி!

ஆனால், எவ்வளவு நல்ல கிளிப்பும் மோசமான வெட்டைக் காப்பாற்றாது. ஒளி ஓடும் கோர் வெறும் 9 மைக்ரான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டினால் முனை சிதறிவிடும். 'க்ளீவர்' என்ற கருவியால்தான் நேராக வெட்ட முடியும். அது இல்லாமல் இன்சுலேஷன் டேப்போடு வருபவரிடம் தயங்காமல் 'வேண்டாம்' என்று சொல்லலாம்.

வேலை முடிந்ததும் பவர் மீட்டர் ரீடிங் கேளுங்கள். வழக்கமான ஜிபான் மோடத்துக்கு எல்லை -27 டிபிஎம். -20 வந்தால் நிம்மதி. -26 வந்தால் நெட் ஓடும், ஆனால் கேபிள் லேசாக வளைந்தாலே கட் ஆகலாம். மறுபடி வெட்டிப் பூட்டச் சொல்லுங்கள். வெட்டிய துண்டுகள் கண்ணாடி ஊசிகள். அவற்றைத் தரையில் விடாமல் டேப்பில் ஒட்டி எடுக்கச் சொல்லுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக.