டேஷ்போர்டில் கிரைண்டர் வைக்காதீர்கள்

பழைய காருக்கு ரேடியோ மாட்டித் தரச் சொல்லி யார் போன் செய்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "டேஷ்போர்டு இன்னும் முழுசா இருக்குதுங்களா?" என்பதுதான். என்ன ரேடியோ, எவ்வளவு பட்ஜெட் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. டேஷ்போர்டு வெட்டுப்படாமல் இருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்த மாதிரி.

கோவையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். புது வண்டிகளும் வரும். ஆனால் நான் நேரம் ஒதுக்கி, நிதானமாகச் செய்வது ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, எப்போதாவது வருகிற மோரிஸ் மைனர் இவற்றைத்தான். கொண்டுவருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஆசை. அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஊட்டி வரை போய்வர வேண்டும். அதே சமயம் உள்ளே எட்டிப் பார்க்கிறவருக்கு 1965-இல் கம்பெனியிலிருந்து வந்த வண்டி போலவே தெரிய வேண்டும். நியாயமான ஆசை, நிறைவேற்றவும் முடியும்.

அந்தக் கால ரேடியோவையே பழுது பார்த்து ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பாடும். ஆனால் அதில் மத்திய அலையும் சிற்றலையும்தான் இருக்கும். இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியதே 1977 ஜூலையில், அதுவும் சென்னையில்தான். அதற்கு முன்னால் செய்த கார் ரேடியோவில் எஃப்.எம். எங்கிருந்து வரும்? ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வாங்கி, வருடா வருடம் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பித்த காலம் அது. ஆகாசவாணியும் இலங்கை வானொலியும் கிடைத்தால் போதுமென்று இருந்தார்கள். இன்றைக்கு வண்டிக்காரர் கேட்பது எஃப்.எம்., அதோடு செல்போனில் இருக்கிற பாட்டு.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். கடையில் கிடைக்கிற சாதாரண கார் ஸ்டீரியோவின் முகம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மன் தர அளவாக வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவிய அளவு இது. 50-களிலும் 60-களிலும் வந்த பெரும்பாலான கார்களுக்கு இந்த அளவே தெரியாது. அவற்றின் டேஷ்போர்டில் இரண்டு பக்கமும் குமிழுக்கான துளை, நடுவில் எண்கள் தெரிய ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். ரேடியோ வேண்டாமென்று வாங்கியவர்களுக்காக அந்த இடத்தை ஒரு மூடித் தகடு போட்டு அடைத்து அனுப்பியிருப்பார்கள். அந்த இடத்தில் புது ஸ்டீரியோ நுழையாது. நுழைக்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும்.

ஒருமுறை ஒரு ஃபியட் 1100 வந்தது. வெளியே பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் நடுவில் கட்டிங் வீல் போன கோணல் செவ்வகம். ஓரத்தில் பிசிறு, அதை மறைக்கக் கறுப்பு பிளாஸ்டிக் சட்டம், அதற்குள் நீல விளக்கு எரிகிற ஸ்டீரியோ. எங்கேயோ ஒரு கடையில் அவசரமாகச் செய்த வேலை. உரிமையாளர் அந்தச் சட்டத்தை விரலால் தடவிக்கொண்டே, "இதைப் பழையபடி ஆக்கிக் குடுக்க முடியுங்களாண்ணா?" என்று கேட்டார். டிங்கர் வேலை செய்து தகடு வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் அந்தக் காலத்து டேஷ்போர்டு அச்சில் வைத்து அழுத்திய இரும்புத் தகடு. பல வண்டிகளில் அது பாடியோடு சேர்ந்தே இருக்கும், தனியாகக் கழற்றி மேசை மேல் வைத்து வேலை செய்ய முடியாது. பற்றவைத்த சூட்டில் தகடு நெளியும். நெளிவை எடுக்கப் பட்டி பூச வேண்டும். சில வருடம் வெயிலில் நின்றால் பட்டி வெடிக்கும். ரேடியோ போனால் வேறு வாங்கலாம். தகடு போனால் போனதுதான். அதனால் எந்த வண்டியாக இருந்தாலும் நான் அரத்தைக்கூட டேஷ்போர்டில் வைக்க மாட்டேன்.

வெட்டாமல் மாட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய முகத்தோடு புதிதாகச் செய்து விற்கிற ரேடியோ. போர்ஷே கம்பெனியே தன்னுடைய பழைய 911 வண்டிகளுக்குப் பொருந்துகிற மாதிரி, உள்ளே புளூடூத் வைத்து இப்படி விற்கிறது. எல்லாக் கார்களுக்கும் பொதுவாகச் செய்கிற ரேடியோக்களில் இரண்டு குமிழ்த் தண்டுகளையும் பக்கவாட்டில் நகர்த்தித் துளைகளின் இடைவெளிக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வழி, பழைய ரேடியோவின் கூட்டையும் முகத்தையும் குமிழ்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற போர்டை மட்டும் மாற்றுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பல வருடம் கை பட்டுத் தேய்ந்த குமிழுக்கு ஈடாக எந்தப் புதுக் குமிழையும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் செலவும் பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

எதுவானாலும் வாங்குவதற்கு முன்னால் அளந்துவிட வேண்டும். மூடித் தகட்டைக் கழற்றி, பின்பக்கம் ஒரு காலண்டர் அட்டையை வைத்துத் துளைகளைப் பென்சிலால் வரைந்துகொள்வேன். பிறகு ஆழம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் வைப்பரின் கை அசையும், ஸ்பீடாமீட்டர் கேபிள் வளைந்து போகும். வைப்பரை ஓடவிட்டுப் பார்த்துத்தான் ஆழத்தைக் குறிக்க வேண்டும். சி.டி. போடுகிற வசதி இல்லாத ரேடியோக்கள் நீளம் குறைந்தவை. பழைய வண்டிக்கு அவைதான் சுலபம். ரேடியோவை முன்பக்கத்து இரண்டு நட்டுகளில் மட்டும் தொங்க விடவும் கூடாது. நம் ரோட்டுக் குலுக்கலில் துளையைச் சுற்றித் தகடு விரிந்துவிடும். பின்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை ஏற்கெனவே இருக்கிற போல்ட்டில் கட்டி எடையைத் தாங்க வைக்க வேண்டும்.

இனி எர்த். இன்றைய எல்லாக் கார்களிலும் பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். மோரிஸ் மைனர் அப்படித்தான். ஃபியட்டில் இந்தத் தொல்லை இல்லை. புது ரேடியோவின் இரும்புக் கூடு நெகட்டிவ். அதைப் பாசிட்டிவ் எர்த் வண்டியில் மாட்டினால் கூடு பாடியைத் தொட்ட நொடியில் ஷார்ட். ஃபியூஸ் நல்லதாக இருந்தால் அது போகும். இல்லாவிட்டால் வயரே எரியும்.

ஒரு மைனர்க்காரர் கேட்டார்: "ஏனுங்க, பேட்டரியத் திருப்பிப் போட்டுட்டாச் சரியாப் போயிடாதுங்களா?" திருப்பலாம், ஆனால் அதோடு முடியாது. பேட்டரியில் பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடத் தடிமன், அதனால் கிளாம்ப்பே மாறிப் பொருந்தாது. முதலில் அதை மாற்ற வேண்டும். டைனமோவுக்குள் இருக்கிற காந்தத்தன்மையைப் புதுத் திசைக்குக் கொண்டுவர, ஃபீல்டு வயரைக் கழற்றிவிட்டு அந்த முனையில் பேட்டரி கரண்டை நொடி நேரம் தொட்டுக் காட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்து கட்-அவுட் ரிலேயை எரித்துவிடும். இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் பொறி பலவீனமாக இருக்கும். ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதன் வயர்களும் அப்படியே. ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் எந்தப் பக்கமானாலும் சரியாகச் சுற்றும்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரி பக்கத்தில் 'நெகட்டிவ் எர்த்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுவேன். அடுத்து பேட்டரி மாற்றுகிற பையனுக்கு இது தெரிய வேண்டுமே. அந்த மைனரில் டேஷ்போர்டின் நடுவில் ஸ்பீடாமீட்டர், இரண்டு பக்கமும் பொருள் வைக்கிற அறைகள். ரேடியோவுக்கென்று இடமே கிடையாது. இடது பக்க அறைக்குள் ஒரு மரப்பெட்டி செய்து ரேடியோவை அதில் வைத்தோம். டேஷ்போர்டில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை.

ஸ்பீக்கரில் ஒரு எச்சரிக்கை. பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு வயர் நேரே பாடிக்குப் போயிருக்கும். அந்த வயரிங்கை நம்பிப் புது ரேடியோவை அதில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் அப்போதே போய்விடும், ஏனென்றால் இப்போதைய ரேடியோவில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே உயிருள்ளவை. டேஷ்போர்டில் ஒரே ஸ்பீக்கருக்குத்தான் இடமென்றால் இரண்டு காயில் உள்ள ஒற்றை ஸ்பீக்கர் கிடைக்கிறது. இடது, வலது இரண்டும் அதிலேயே பாடும். கதவை வெட்ட வேண்டியதில்லை.

பிறகு இரைச்சல். பழைய எஞ்சினில் பொறி தெறிக்கிற ஒவ்வொரு முறையும் அது ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம்தான். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'டிக் டிக்' வேகமானால் அது இக்னிஷன். சங்கு ஊதுகிற மாதிரி ஏறி இறங்கினால் டைனமோ. எந்த வழியாக வருகிறது என்று பார்க்க ஏரியல் வயரைப் பிடுங்கிவிட்டுக் கேட்பேன். இரைச்சல் நின்றால் அது காற்றில் வருகிறது; நிற்காவிட்டால் கரண்ட் வயரில் வருகிறது. காயிலுக்குக் கரண்ட் வருகிற முனையில் 1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று, டைனமோவின் பெரிய முனையில் இன்னொன்று. இந்த இரண்டிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அதே கண்டன்சரைக் காயிலின் பாயிண்ட் பக்கமோ டைனமோவின் ஃபீல்டு முனையிலோ போட்டுவிடக் கூடாது. முதலாவதில் பொறி கெடும், இரண்டாவதில் ரெகுலேட்டர் கெடும். பிளக் வயர்களை ரெசிஸ்டன்ஸ் உள்ளவையாக மாற்றுவதும், பேனட்டுக்கும் பாடிக்கும் நடுவில் செம்புப் பின்னல் பட்டை ஒன்று கட்டுவதும் அடுத்த படி.

ஏரியலுக்காக மட்கார்டைத் துளைக்கச் சொல்பவர்களிடமும் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். எஃப்.எம்-முக்கு சுமார் 75 சென்டிமீட்டர் கம்பி போதும். அதைப் பின்சீட்டுக்கு மேலே, கூரைத் துணிக்குப் பக்கத்தில் மறைத்து வைக்கலாம். கோவை நகருக்குள் தாராளமாக எடுக்கும். மத்திய அலையும் தெளிவாக வேண்டுமென்று பிடிவாதமாக இருப்பவருக்கு மட்டும் வெளி ஏரியல்.

கரண்ட் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோக்கள் பலவற்றின் உச்சமே 22 ஆம்பியர்தான்; எஞ்சின் ஐடிலில் இருந்தால் அதுவும் இல்லை. இரவில் ஹெட்லைட், வைப்பர், ரேடியோ மூன்றும் ஓடும்போது சிக்னலில் நின்றால் எல்லாம் பேட்டரியைத்தான் தின்னும். தனி ஆம்ப்ளிஃபயர், பூஃபர் என்று கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இன்னொன்று, புது ரேடியோ அணைத்திருக்கும்போதும் நினைவுக்காகக் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு மாதத்தில் 7 ஆம்பியர் ஹவர் போய்விடும். ஞாயிறுகளில் மட்டும் வெளியே வருகிற வண்டிக்கு அது அதிகம். அதனால் டேஷ்போர்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்துத் தருகிறேன்.

விளக்கின் நிறத்தை மறந்துவிடாதீர்கள். ஸ்பீடாமீட்டருக்குள் எரிவது மஞ்சள் குண்டு பல்பு. அதற்குப் பக்கத்தில் ரேடியோ நீலமாக எரிந்தால் பட்ட கஷ்டமெல்லாம் வீண். நிறம் மாற்றுகிற வசதி இருக்கிற ரேடியோவாக வாங்கி, இருட்டிய பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

வண்டியைத் திருப்பித் தரும்போது மூடித் தகடு, அதன் ஸ்குரூக்கள், கழற்றிய பழைய ரேடியோ எல்லாவற்றையும் துணியில் சுற்றி உரிமையாளரிடமே கொடுத்துவிடுவேன். கூடவே ஒரு தாள். எந்த நிற வயர் எங்கே போகிறது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர், எர்த் எந்தப் பக்கம், மறைவு சுவிட்ச் எங்கே என்று தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பொருள் அறைக்குள் வைத்துவிடச் சொல்வேன். நாளைக்கு வேறொருவர் அந்த வண்டியைத் திறப்பார். அவருக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.