சங்கச் சந்தாவா, வழக்குக் காப்பீடா?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே உள்ள திருப்பாலைக்குடி போன்ற ஊர்களில் ஒரு மளிகைக் கடைக்கு இரண்டு மூன்று பணியாளர்களே இருப்பார்கள். கல்லாவில் பணம் குறைந்தால் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். பின்னர் தொழிற்சங்கத்தின் கடிதம் வந்ததும் கலங்குகிறோம். "நாமும் வழக்குச் செலவுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டால் என்ன?" என்று சில வணிக நண்பர்கள் கேட்கிறார்கள்.

ஜெர்மனியில் இரண்டு வழியும் உண்டு. அங்கே சங்க உறுப்பினருக்காகச் சங்கமே வழக்கு நடத்தும். சந்தா பொதுவாகச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று. வழக்குக் காப்பீடு எடுத்தவருக்கு வக்கீல் கட்டணம் கிடைக்கும். ஆனால் காப்பீடு எடுப்பதற்கு முன்பே மூண்டுவிட்ட தகராறுக்கு அது உதவாது. நம் நாட்டில் இத்தகைய காப்பீடு பரவலாக இல்லை. நாம் எடுக்கும் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு வேலையில் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் மட்டுமே. வேலைநீக்க வழக்குக்கு அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி சமரசப் பேச்சில் வக்கீல் ஆஜராக முடியாது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதே நிலைதான். தொழிலாளிக்காகத் தொழிற்சங்க நிர்வாகி பேசலாம். முதலாளிக்காக, அவர் உறுப்பினராக உள்ள முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி பேசலாம். காப்பீட்டுப் பணம் நுழைய முடியாத அந்த அறையில் இரு தரப்புக்கும் துணை சங்கமே.

தொழிற்சங்கம் என்றாலே வணிகருக்குப் பகை என்று எண்ண வேண்டாம். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னை தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு இருவரும் வணிகர்களே. அச்சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்ததன் விளைவாகவே 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

நம் கடைகளுக்குரிய சட்டம், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்க 41ஆவது பிரிவு இடம் தராது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். திருட்டு போன்ற குற்றச்சாட்டு என்றால் முறையாக விசாரித்து, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் எந்தச் சங்கத்திலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவியும் உண்டு.

எனவே வணிகர்கள் செய்ய வேண்டியவை இவை: வேலைக்குச் சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள். சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள். புகார் எழுந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அவர் பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்காக ஒருவரை நீக்காதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வெளியூரில் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அவர்களை அங்குள்ள முதலாளி எப்படி நடத்த வேண்டுமென்று விரும்புகிறோமோ, அப்படியே நம் கடைப் பணியாளரையும் நடத்துவோம். வழக்கு வராமல் காக்க அதைவிட மலிவான காப்பீடு இல்லை.