சூப்பியை மறக்கடித்தல்

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணைப் பற்றி வாசகர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1960களில் எழுந்த அடுக்குமாடிக் கட்டிடங்கள். 1983க்குப் பின்னர் இங்கு வந்த எம்மவர் பலருக்கு அதுவே கனடாவின் முதல் முகவரி. அங்கே பதினான்காம் மாடியில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் அண்மையில் நடந்த ஒரு சிறு போராட்டத்தைப் பற்றியது இக்கட்டுரை. எதிரி, என் மகளின் சூப்பி.

மகளுக்கு இரண்டரை வயது. ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்திலிருக்கும் அப்பம்மாவுடன் தொலைபேசியில் கதைப்பாள். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பிள்ளை சூப்பியைக் கடித்துக்கொண்டே பேசும். "பிள்ளை என்னடா சொல்லுது?" என்று அம்மா கேட்க, தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்ப்பவனாக நான் நடுவில் நிற்பேன். ஒருநாள் அம்மா சொன்னார்: "நான் இருக்கிற காலத்துக்குள்ள அவளின்ர குரலை ஒழுங்காக் கேக்கவேணும்." அன்றுதான் முடிவெடுத்தேன்.

சூப்பி புதிய கண்டுபிடிப்பல்ல. ஜேர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1506இல் வரைந்த மாதா ஓவியமொன்றில், குழந்தை இயேசுவின் கையில் துணியில் முடிந்த சூப்பி இருக்கிறது. இன்றைய ரப்பர், சிலிக்கன் சூப்பிகள் அதன் பேரப்பிள்ளைகள். அதை முற்றாகக் குற்றஞ்சாட்டவும் முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தூங்கும்போது சூப்பி பாவித்தால் திடீர் மரண அபாயம் குறைகிறது என்பதால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2005இல் அதைப் பரிந்துரைத்தது. விரல் சூப்புவதிலும் சூப்பி மேல் என்பது கனடிய பல் மருத்துவர் சங்கத்தின் கருத்து. சூப்பியைப் பெற்றோர் எடுத்து வைக்கலாம், விரலை எங்கே வைப்பது?

ஆனால் வயது ஏற ஏறக் கணக்கு மாறுகிறது. நெடுங்காலம் சூப்பினால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும். நேரத்தோடு நிறுத்தினால் அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். காதில் தொற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. 'தால்' என்றால் நாக்கு; நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்பர். சூப்பி அந்த நாக்கைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. அது வாயில் இருக்கையில் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நாக்கு எப்படி மேலெழும்பும்?

வழியைப் பிள்ளைத்தமிழில் கண்டேன். அம்புலிப் பருவத்தில், குழந்தையோடு விளையாட வரும்படி நிலவை அழைக்கும் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களையும் கையாள்வார்கள். நிலவுக்கே அது வேண்டியிருந்ததென்றால் என் மகளுக்கு வேண்டாமா?

சாமம்: இன்சொல். சூப்பி கட்டிலில் மட்டும் என்று சொன்னோம். முதலில் லிஃப்டில் இல்லை, பிறகு தள்ளுவண்டியில் இல்லை, பிறகு பகலிலேயே இல்லை. இரண்டு வாரம் எடுத்தது. அழுதால் கதைப்புத்தகம், தூக்கம் வந்தால் துணிப் பொம்மை. ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றைக் கொடுக்கவேண்டும்.

பேதம்: "அது குட்டிப் பாப்பாவுக்கு. நீ வளந்திட்டாய்" என்றோம். "நானும் குட்டிப் பாப்பா" என்றாள். பேதம் தோற்றது.

தானம்: கோப்பன்ஹேகனில் ஒரு பூங்காவில், சூப்பியை விட்ட பிள்ளைகள் அதைக் கட்டித் தொங்கவிடும் மரமொன்று உண்டு. எங்களுக்கு மரமில்லை, மாடியின் குப்பைக் குழாய் இருந்தது. ஒரு சனிக்கிழமை அவளே தன் கையால் போட்டாள். பதிலுக்கு ஒரு சிவப்புப் பந்து.

தண்டம்: அம்மாவின் யோசனை வேப்பெண்ணெய் பூசுவது. ஊரில் பால் மறக்கடிக்கப் பூசுவார்களே, அதுதான். நண்பரொருவர் நுனியை வெட்டிவிடச் சொன்னார். இரண்டையும் தவிர்த்தோம். வேப்பெண்ணெய் சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. வெட்டிய துண்டு கழன்று தொண்டையில் அடைக்கலாம்.

அன்றிரவுதான் உண்மையான சோதனை. இரண்டு மணிக்கு எழுந்து "சூப்பி" என்று அலறினாள். மெல்லிய சுவர்கள், பக்கத்து வீட்டில் விடிய வேலைக்குப் போகிறவர்கள். மனைவி இரவு வேலையில். ஓடிப்போய் இன்னொன்று வாங்கிவரலாமா என்றுகூட நினைத்தேன். பிள்ளையைத் தோளில் போட்டு, எனக்குத் தெரிந்த தாலாட்டெல்லாம் தீர்ந்தபின், பஸ் வழித்தடங்களின் பெயர்களையே இராகம் போட்டுப் பாடினேன். இரண்டாம் இரவு அழுகை அரை மணித்தியாலம். நான்காம் இரவு இல்லை. காலையில் லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அம்மாள், "பல் முளைக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். தன் மகனுக்கு இது ஒரு மாதம் எடுத்ததென்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியை மகளிடம் கொடுத்தேன். "அப்பம்மா, வாழைப்பழம் சாப்பிட்டேன்" என்றாள். உண்மையில் 'வாயப்பயம்' என்றுதான் வந்தது. அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "எத்தினை பழம்?" என்று அவளிடமே கேட்டார்.