உஷார்! வளர்த்தவர் படுக்கையில், குதிரை தரகர் கையில்

டயாலிசிஸ், புற்றுநோய், பக்கவாதம், ஆறாத சர்க்கரைப் புண். இதில் எது வந்தாலும், அந்த வீட்டில் ஒரு குதிரை நின்றால், முதல் மாதத்திலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். குதிரையை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? ‘உடம்பு தேறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் அந்த முடிவைத் தரகர் எடுத்துவிடுவார்.

திருத்தணி, அரக்கோணம், நகரி வட்டாரத்தில் மாடு இல்லாத தெரு அபூர்வம். குதிரை இருக்கும் வீடு அபூர்வம். இந்த வித்தியாசத்தில்தான் ஆபத்தே இருக்கிறது. வீட்டுக்காரர் படுத்துவிட்டால் கறவை மாட்டை ஓட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ள மச்சானோ மாமனோ முன்வருவார், பால் கிடைக்கிறதே! குதிரைக்கு அப்படி யாரும் வருவதில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகை பேசுபவர்கள் முகூர்த்த நாளில் வருவார்கள், தீனி வைக்க வரமாட்டார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதுமே குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம்தான். 2012-ல் இருந்ததைவிட ஏறக்குறைய 45 சதவீதம் குறைவு. குதிரை குறையக் குறைய லாடம் அடிக்கத் தெரிந்தவரும், பல் பார்த்து வயது சொல்லத் தெரிந்தவரும் குறைந்துபோனார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் ‘தம்பி, கொஞ்ச நாள் பார்த்துக்கோடா’ என்று ஒப்படைக்கும் காரியமா இது?

ஒரு நடுத்தரக் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு கிலோ காய்ந்த தீனி வேண்டும். தண்ணீர் 25, 30 லிட்டர். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது திருத்தணிக்குப் புதிதல்ல, அப்போது இதற்கும் மேலே போகும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். சீவாமல் விட்டால் குளம்பு முன்பக்கம் வளைந்து நீண்டு, நடையே மாறிவிடும். இதைவிட மோசமானது வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது எதுவானாலும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பூஞ்சை பிடித்த வைக்கோல், பாவம் என்று ஒரேயடியாகக் கொட்டிய கொள்ளு, அரை நாள் காய்ந்து கிடந்த தொட்டி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். தரையைக் காலால் கீறும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். வளர்த்தவர் இருந்தால் அந்த முதல் பார்வையிலேயே புரிந்துகொண்டு ஓடுவார். அவர் சென்னையிலோ வேலூரிலோ வார்டில் கிடக்கும்போது யார் கவனிப்பது?

இனி நோயாளியின் பக்கம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடிப்பது குதிரைக்காரருக்குப் பல வருடப் பழக்கம். லாரி ஹாரன் அடித்துக் குதிரை தலையை உதறினால் அந்தக் கயிறு சுண்டி இழுப்பது ஃபிஸ்டுலா இருக்கும் கையை. உயிர் ஓடும் வழியே அந்த ரத்தக்குழாய்தான். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பதால், அன்றைக்குச் சின்ன அடி பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும். வாரத்தில் மூன்று நாள் நான்கு மணி நேரம் படுத்து எழுந்து வருபவர், வந்த கையோடு கொட்டிலுக்குள் போகவே கூடாது.

சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் கால் மரத்திருக்கும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பிராணி பாதத்தில் மிதித்தாலும் வலி தெரியாது, ராத்திரி ரத்தம் பார்த்துத்தான் தெரியும். குதிரை லத்தியிலும் கொட்டில் மண்ணிலும் டெட்டனஸ் கிருமி தங்கியிருக்கும். தடுப்பூசி எப்போது போட்டோம் என்பதே நினைவில்லை என்றால் நாளையே டாக்டரைக் கேளுங்கள். கீமோ ஏற்றிக்கொள்பவர்களுக்கு மருந்து ஏறிய ஓரிரு வாரத்தில் வெள்ளணுக்கள் சரியும். அந்த நாட்களில் லத்தி அள்ளுவதும் தூசி பறக்க வைக்கோல் உதறுவதும் நுரையீரலுக்குள் பூஞ்சையை அழைப்பதுதான். வீட்டில் நாய், பூனை உண்டா என்று டாக்டர் கேட்கலாம், குதிரை உண்டா என்று கேட்கத் தோன்றாது. நீங்களாகவே சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளாண்டர்ஸ். குதிரை, கழுதை, கோவேறு கழுதையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய பாக்டீரியா நோய் இது. தடுப்பூசி கிடையாது. மூக்கிலிருந்து கெட்டியாகச் சளி வடிந்தாலோ, தோலில் கட்டி கட்டியாக எழும்பி உடைந்தாலோ யாரும் தொடாதீர்கள். தனியே கட்டிவிட்டு 1962-க்கு அழைத்துக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் குதிரையைக் காப்பாற்றச் சட்டமும் இடம் தராது. சந்தேகம் வந்ததும் ‘எப்படியாவது தள்ளிவிடு’ என்று விற்பவர், அந்த நோயை இன்னொரு வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்.

தரகர் விஷயத்துக்கு வருவோம். வீட்டில் நோய் என்ற செய்தி பரவியதும் வருவார். ‘ஐயா, உடம்பு இப்படி இருக்கும்போது உங்களுக்கு எதுக்கு இந்தப் பாரம்? நல்ல எடமா பார்த்து நானே உட்டுடறேன்’ என்பார். மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்படும் நேரம், குரலும் இனிப்பாக இருக்கும். ‘எந்த இடம், யார் வீடு, நான் போய்ப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். பதில் இழுத்தால் கயிற்றைக் கொடுக்காதீர்கள். சுழி சரியில்லை, பல் தேய்ந்துவிட்டது என்று விலையை அடித்துக் குறைப்பவர் அந்தக் குதிரையை வளர்க்க வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு எல்லை ஒரு பெரிய விஷயமில்லை. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் நகரியில் பெண் கொடுத்தவர்களும் புத்தூரில் பெண் எடுத்தவர்களும் தெருவுக்குத் தெரு உண்டு. அதனால் ராத்திரியில் ஒரு வண்டி எல்லை தாண்டுவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஆந்திரத்தின் சில மாவட்டங்களில் கழுதை இறைச்சி விற்பது ஊரறிந்த செய்தி. நாட்டில் கழுதைகள் 2012-க்கும் 2019-க்கும் இடையில் 61 சதவீதம் குறைந்தன. உணவுக்கான விலங்குகள் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் தரும் பட்டியலில் கழுதையும் இல்லை, குதிரையும் இல்லை. சட்டத்தில் இல்லாத வியாபாரத்துக்கு ரசீதும் இருக்காது. வளர்த்த பிராணி போன இடம் பிறகு யாருக்கும் தெரியாது. வாங்கியவர் வண்டியில் ஏற்றுகிறார் என்றால், பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்ற கால்நடை மருத்துவர் சான்றிதழ் வேண்டும் என்று 1978 விலங்குகள் போக்குவரத்து விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். நேர்மையானவர் எடுத்து வருவார்.

மனசு கேட்காமல் அவிழ்த்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள், ‘எங்காவது மேய்ந்து பிழைச்சுக்கட்டும்’ என்று. பிழைக்காது. ஊட்டியில் சாலையோரம் குப்பை கிளறி நிற்கும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இங்கே சென்னை-திருப்பதி நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. ஆடிக் கிருத்திகை சமயத்தில் அவிழ்த்து விட்டால் அன்னதான இலையும் பிளாஸ்டிக் உறையும்தான் அதற்குத் தீனி. காவடிக் கூட்டத்தில் மிரண்டு பாய்ந்தால் குழந்தைகள் அடிபடுவார்கள். இப்படிக் கைவிடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய் என்பது அந்தச் சட்டத்துக்கே அவமானம். அபராதம் குறைவு என்பதால் குற்றம் சிறிதாகிவிடாது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை ஆறு மாதத்தைத் தாண்டும் என்றால், வீட்டில் குதிரைக்குப் பழகிய இன்னொரு கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கனைப்புச் சத்தம் கேட்பது நோயாளிக்குப் பெரிய தெம்பு; அவருக்குத் தெரியாமல் விற்றுவிட்டு அவரை அழவிடும் குடும்பங்கள் செய்வது கொடுமை. அந்தக் கை இல்லையென்றால், நீங்கள் எழுந்து நடமாடும்போதே, குதிரையும் நல்ல உடம்போடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். மெலிந்துபோன குதிரையை நல்லவர்கள் யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

ஏற்கெனவே குதிரை வைத்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் வரும் குதிரைக்காரர்களுக்குள் பழக்கம் உண்டு, ஒருவரைப் பிடித்தால் பத்துப் பேரைத் தெரியும். அவர்கள் கொட்டிலை நேரில் போய்ப் பாருங்கள், அங்கே நிற்கும் மற்ற குதிரைகளின் விலா எலும்பையும் குளம்பையும் பாருங்கள். கொடுக்கும்போது நிறம், சுழி, வெள்ளைக் கால், வயது எல்லாம் எழுதி, நான்கு பக்கமும் படம் எடுத்து, ‘மறுபடி விற்பதானால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்’ என்ற ஒரு வரியோடு முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் பெயர் மாற்றுங்கள். விலை குறைந்தாலும் பரவாயில்லை. கோசாலைகள் பெரும்பாலும் மாட்டுக்கானவை, அவற்றை நம்பியிருக்காதீர்கள். சென்னையில் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் யோசனை கேட்கலாம், ஆனால் எந்தப் புகலிடத்திலும் இடம் நெருக்கடிதான், போன் செய்யாமல் குதிரையோடு போய் நிற்க வேண்டாம்.

கிழட்டுக் குதிரை, கால் ஊனம், எடுத்துக்கொள்ள ஆளே இல்லை என்றால்? குதிரை 25, 30 வருடம் வாழும் பிராணி, இந்த நிலை பலருக்கு வரும். அரசு கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டுங்கள். தேவைப்பட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்தும் கேளுங்கள். தேறாது என்று அவர்கள் சொன்னால், ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடுவது லாரிக்கு அனுப்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் வரும் நாளுக்கே குழி தோண்ட ஜேசிபிக்கும் சொல்லி வையுங்கள். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும், நாய்கள் தோண்டித் தின்றால் அவையும் செத்துப்போகும். அதனால் குழி ஆழமாக இருக்கட்டும். இந்த ஊர் வெயிலில் மறுநாள் வரை உடலைப் போட்டுவைக்கவும் முடியாது.